எந்தப் படிப்பு என்று முடிவாகவில்லையா? 'ஸ்கோப்' கேட்கும் முன் எந்த வாசல் மூடும் என்று பாருங்கள்

பிளஸ் 2 ரிசல்ட் வந்த வாரத்தில், சென்னையிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கும் அண்ணன்கள், அக்காக்களின் போனுக்கு ஊரிலிருந்து அழைப்பு வராமல் இருக்காது. சித்தி பேசுவார், மாமா பேசுவார். "நம்ம பையனுக்கு கட்-ஆஃப் 168 வருதுப்பா. எதுல போட்டா ஸ்கோப் இருக்கும்?" என்பதுதான் கேள்வி. போனைப் பையனிடம் கொடுக்கச் சொன்னால் அவன் சொல்வது இன்னும் சுருக்கம். "தெரியலண்ணா. எதுனாலும் ஓகே."

இதற்கு வழக்கமாக இரண்டு பதில்கள்தான் கிடைக்கின்றன. ஒன்று, "கண்ணை மூடிக்கிட்டு கம்ப்யூட்டர் சயின்ஸ் எடு." இன்னொன்று, "உனக்கு எது பிடிக்குதோ அதை எடு." முதல் பதில் சந்தையை அறிந்தவர் மாதிரி பேசுகிறது. இரண்டாவது, பையனுக்குத் தன்னைப் பற்றி எல்லாம் தெரியும் என்று வைத்துக்கொண்டு பேசுகிறது. ஆனால் அவன் சொன்னதே 'தெரியலை' என்பதுதான். அந்த ஒரு தகவலை மட்டும் யாரும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

முடிவெடுக்காதவர், முடிவெடுத்தவரைப் போலத் தேர்வு செய்யக் கூடாது. அவருக்கான கணக்கு வேறு. எந்தப் படிப்புக்குப் பிறகு எங்கெல்லாம் போகலாம், எதற்குள் இப்போது நுழையாவிட்டால் பிறகு நுழைவது கடினம், தவறாகிப்போனால் வீட்டுக்கு எவ்வளவு செலவு என்ற மூன்றும்தான் அவர் முதலில் பார்க்க வேண்டியவை. 'ஸ்கோப்' அதற்குப் பிறகு வரட்டும்.

தெரியாமல் இருப்பது குறையா?

தமிழ்நாட்டில் படிப்பைத் தேர்வு செய்வது 17 வயதில் நடப்பதாகப் பேசுகிறோம். உண்மையில் அது 15 வயதிலேயே பாதி முடிந்துவிடுகிறது. பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்ததும் பிளஸ் 1-ல் குரூப் எடுக்க வேண்டும். உயிரியல்-கணிதம் எடுத்தால் டாக்டர், இன்ஜினீயர் இரண்டு பக்கமும் போகலாம் என்று வீட்டில் சொல்வார்கள். முடிவெடுக்காத குடும்பங்களின் நிரந்தர ஏற்பாடு அது. கணிதம் இல்லாத குரூப் எடுத்த பிள்ளைக்குப் பெரும்பாலான இன்ஜினீயரிங் கிளைகள் அன்றைக்கே முடிந்துபோகின்றன. வணிகவியல் குரூப் எடுத்தவருக்கும் அப்படித்தான்.

அதன்பின் இரண்டு வருடங்கள் பாடப் புத்தகம், ரிவிஷன் டெஸ்ட், பொதுத்தேர்வு. இதற்குள் ஒரு மாணவி சிவில் இன்ஜினீயரையோ, புள்ளியியல் படித்தவரையோ, ஆடிட்டரையோ வேலை செய்யும் இடத்தில் பார்த்திருக்க வாய்ப்பு எவ்வளவு? அவருக்குத் தெரிந்த தொழில்கள் டீச்சர், டாக்டர், போலீஸ், பேங்க் வேலை, 'ஐ.டி.' அவ்வளவுதான். பார்க்காத ஒன்றின் மீது விருப்பம் வரவில்லையே என்று அவரைக் குறை சொல்ல முடியாது.

அமெரிக்காவில் பல கல்லூரிகளில் முக்கியப் பாடத்தை அறிவிக்காமலே சேரலாம். இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் சொன்னால் போதும். அப்படி அவகாசம் கொடுத்தும் பலர் மாறுகிறார்கள். அந்நாட்டுக் கல்வித் துறையின் புள்ளிவிவர மையம் 2017-ல் வெளியிட்ட கணக்கின்படி, முக்கியப் பாடத்தை அறிவித்த இளநிலை மாணவர்களில் சுமார் 30 சதவீதம் பேர் மூன்று ஆண்டுகளுக்குள் ஒருமுறையாவது அதை மாற்றிக்கொண்டார்கள். கணிதத்தை எடுத்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் வேறு பாடத்துக்குப் போனார்கள். அங்கே மாறுவது ஒரு விண்ணப்பப் படிவம். இங்கே ஒரு கிளையில் சேர்ந்துவிட்டு நடுவில் இன்னொரு கிளைக்குத் தாவுவது நடைமுறையில் அரிது. மாற முடியாத முறை என்பதால்தான் இங்கே முதல் தேர்வில் கூடுதல் ஜாக்கிரதை தேவைப்படுகிறது.

'ஸ்கோப்' எப்போதும் பழைய செய்தி

ஸ்கோப் கேட்பதில் தவறில்லை. கடன் வாங்கிப் படிக்க வைக்கும் அப்பா வேலையைப் பற்றிக் கேட்காமல் வேறு எதைக் கேட்பார்? சிக்கல் என்னவென்றால், ஸ்கோப் என்று சொல்லப்படுவது இன்றைய நிலவரம். படிப்பு முடிந்து வெளியே வருவது நான்கு வருடம் கழித்து.

ஸ்ரீபெரும்புதூரையே எடுத்துக்கொள்ளலாம். 2006-ல் நோக்கியா அங்கே ஆலையைத் தொடங்கியது. அதைச் சுற்றி உதிரிபாக நிறுவனங்கள் வந்தன. 2011-ல் அந்த வளர்ச்சியைப் பார்த்து இ.சி.இ. சேர்ந்த ஒரு மாணவர் 2015 மே மாதம் படிப்பை முடித்திருப்பார். நோக்கியா ஆலை 2014 நவம்பரிலேயே மூடப்பட்டுவிட்டது. சரி, எலெக்ட்ரானிக்ஸுக்கு அத்தோடு கதை முடிந்ததா என்றால் அதுவும் இல்லை. அதே ஸ்ரீபெரும்புதூரில் இன்று ஃபாக்ஸ்கான் ஐபோன்களைத் தயாரிக்கிறது. ஓசூரில் டாடா எலெக்ட்ரானிக்ஸ் இருக்கிறது. 'இனி இ.சி.இ. வேண்டவே வேண்டாம்' என்று 2015-ல் சொன்ன மாமாவும், 'இ.சி.இ.தான் பெஸ்ட்' என்று 2011-ல் சொன்ன மாமாவும் ஒரே மாதிரிதான் தவறு செய்தார்கள்.

மெக்கானிக்கலுக்கும் இதே கதை. 2010-களின் முதல் பாதியில் கலந்தாய்வில் அதற்குத்தான் பெரிய வரிசை நின்றது. பிறகு அந்த வரிசை கம்ப்யூட்டர் பக்கம் திரும்பியது. ஃபோர்டு நிறுவனம் 2021-ல் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. மறைமலைநகர் ஆலையை மீண்டும் பயன்படுத்தப்போவதாக 2024-ல் அதே நிறுவனம் சொன்னது. மூன்றே வருட இடைவெளியில் இரண்டு எதிரெதிர் அறிவிப்புகள்.

இப்போது கம்ப்யூட்டர் சயின்ஸ் காலம். ஒரு கிளையில் இத்தனை இடங்கள்தான் என்றிருந்த உச்சவரம்பை, நல்ல நிலையில் உள்ள கல்லூரிகளுக்கு 2024-25 முதல் ஏ.ஐ.சி.டி.இ. தளர்த்திவிட்டது. அதனால் கம்ப்யூட்டர் சார்ந்த இடங்கள் மேலும் பெருகுகின்றன. இன்னொரு பக்கம், டி.சி.எஸ். 2025 ஜூலையில் தன் ஊழியர்களில் சுமார் 2 சதவீதத்தை, அதாவது 12,000-க்கும் மேற்பட்டோரைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. இதை வைத்து 'சி.எஸ்.இ. எடுக்காதே' என்று சொல்வதும் பழைய மாமாவின் வேலைதான். நான்கு வருடம் கழித்து என்ன இருக்கும் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது என்பதை மட்டும் இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

இப்போது விட்டால் பிறகு நுழைய முடியாதவை எவை?

எந்தத் துறைக்குப் பிறகும் நுழைய முடியும், எதற்கு முடியாது என்பது சந்தை நிலவரம் மாதிரி மாதத்துக்கு மாதம் மாறுவதில்லை. தகுதி விதிகளில் எழுதி வைத்திருக்கிறார்கள். முடிவெடுக்காதவர் நம்பிப் பிடித்துக்கொள்ளக்கூடிய விஷயம் இது.

சில துறைகளுக்கு எந்தப் பட்டம் இருந்தாலும் பிறகு வரலாம். யு.பி.எஸ்.சி. சிவில் சர்வீஸ் தேர்வு, டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1, வங்கிகளின் பி.ஓ. தேர்வு இவற்றுக்கு ஏதாவது ஒரு பட்டம் போதும். எம்.பி.ஏ.வுக்கான கேட் தேர்வும் அப்படியே. மூன்று வருட எல்.எல்.பி. எந்தப் பட்டதாரிக்கும் திறந்திருக்கிறது. சி.ஏ. படிக்க பி.காம். கட்டாயம் இல்லை. வணிகவியல் பட்டதாரி 55 சதவீதமும் மற்ற பட்டதாரிகள் 60 சதவீதமும் வைத்திருந்தால் ஃபவுண்டேஷன் தேர்வு எழுதாமல் நேரடியாக இன்டர்மீடியட் நிலைக்குப் போகலாம். எம்.சி.ஏ.வுக்குக் கணிதப் பின்னணி உள்ள பி.எஸ்சி. பட்டதாரி வரலாம். இப்போது அது இரண்டே வருடம். பத்திரிகை, விற்பனை, மனிதவளம், மென்பொருள் சோதனை என்று பட்டியல் நீளும்.

வேறு சில துறைகளுக்கு ஒரே வாசல்தான். அந்தப் பட்டம் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். மருத்துவம், கால்நடை மருத்துவம், நர்சிங், ஃபார்மசி பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. ஆர்க்கிடெக்ட் என்று தொழில் செய்ய ஐந்து வருட பி.ஆர்க். முடித்துக் கட்டடக்கலை கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும். அரசின் வேளாண் அலுவலர் பணிக்கு வேளாண்மைப் பட்டம் வேண்டும். நெடுஞ்சாலைத் துறையில் சிவில் உதவிப் பொறியாளராகச் சேர சிவில் பட்டம் வேண்டும். என்.டி.பி.சி. போன்ற பொதுத்துறை நிறுவனங்கள் 'கேட்' மதிப்பெண்ணை வைத்து ஆள் எடுக்கும்போது எலெக்ட்ரிக்கல், மெக்கானிக்கல் என்று கிளையைக் குறிப்பிட்டேதான் அழைக்கின்றன. (எம்.பி.ஏ.வுக்கான கேட் வேறு, இன்ஜினீயரிங் பட்டதாரிகளுக்கான கேட் வேறு. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடுவது தனிக் குழப்பம்.)

இந்த இரண்டு வகையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் புரியும். ஒரு எலெக்ட்ரிக்கல் இன்ஜினீயர் மனசு மாறினால் மென்பொருளுக்குப் போகலாம், வங்கிக்குப் போகலாம், சட்டம் படிக்கலாம். ஒரு கம்ப்யூட்டர் சயின்ஸ் பட்டதாரிக்கு 24 வயதில் துணைமின் நிலையத்தில் வேலை பார்க்க ஆசை வந்தால் திரும்ப முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு நர்ஸ் குரூப் 1 எழுதலாம். குரூப் 1-க்குப் படித்துக்கொண்டிருக்கும் பி.ஏ. பட்டதாரி நர்ஸ் ஆக முடியாது.

ஆகவே 'சட்டம் படிக்கலாமா, இல்லை வேளாண்மையா' என்று ஒரு மாணவர் தடுமாறினால், இரண்டிலும் ஆர்வம் சமமாக இருக்கும் பட்சத்தில் வேளாண்மையை முதலில் யோசிப்பதே நியாயம். சட்டம் மூன்று வருடம் கழித்தும் அங்கேயே இருக்கும். 'மேனேஜ்மென்ட் பிடிக்கும், ஆனா டிசைனும் பிடிக்கும்' என்பவருக்கு பி.பி.ஏ.வில் அவசரமாகச் சேர எந்தக் காரணமும் இல்லை. மேனேஜ்மென்ட் பிறகு படிக்கிற படிப்பு. அதை முதலில் படித்தவர்களும் எம்.பி.ஏ. வகுப்பில் இன்ஜினீயர்கள் பக்கத்தில்தான் போய் உட்காருகிறார்கள்.

இதற்கு ஒரு எல்லை உண்டு. அரை மனசாக இருப்பது வேறு, சுத்தமாகப் பிடிக்காதது வேறு. ரத்தத்தைப் பார்த்தால் தலைசுற்றுகிறவரை, 'நர்சிங் ஒரே வாசல் படிப்பு, இப்போதே சேர்ந்துவிடு' என்று அனுப்புவது கொடுமை.

இன்னொரு ஆட்சேபணையும் வரும். 'எந்தக் கிளை படித்தாலும் ஐ.டி.க்குப் போகலாம் என்பதெல்லாம் அந்தக் காலம். இப்போ சி.எஸ்.இ. பசங்களுக்கே வேலை இல்லை' என்பார்கள். இதில் உண்மை இருக்கிறது. தகுதி விதி அனுமதிக்கிறது என்பதும், உண்மையில் வேலை கிடைக்கிறது என்பதும் ஒன்றல்ல. ஆனால் இந்த வாதம் எதை நிரூபிக்கிறது? சி.எஸ்.இ. பட்டம் முன்பு தந்த தனிப் பாதுகாப்பு குறைந்திருக்கிறது என்பதைத்தான். ஆர்வமே இல்லாமல் 'சேஃப்' என்று அதை எடுப்பவருக்கு இது எச்சரிக்கை. ஆர்வத்தோடு எடுப்பவர் கவலைப்படத் தேவையில்லை, அவர் தன் வழியைத் தேடிக்கொள்வார்.

கிளையா, கல்லூரியா?

வருடா வருடம் நடக்கும் பட்டிமன்றம் இது. எது வேண்டும் என்று தெரிந்தவர் கிளையைப் பிடித்துக்கொள்ளட்டும். தெரியாதவருக்குக் கல்லூரிதான் முக்கியம்.

காரணம் எளிது. தெரியாதவர் அடுத்த நான்கு வருடத்தில்தான் தெரிந்துகொள்ளப்போகிறார். அதற்கு நல்ல ஆசிரியர், திறந்திருக்கும் நூலகம், வேலை செய்யும் லேப், கூடப் படிக்கும் சுறுசுறுப்பான நான்கு பேர், எல்லாக் கிளைக்கும் அனுமதி உள்ள கேம்பஸ் இன்டர்வியூ இவையெல்லாம் வேண்டும். பழைய அரசுக் கல்லூரியில் கிடைக்கும் சிவிலோ, புரொடக்‌ஷனோ, பெயர் தெரியாத ஒரு கல்லூரியில் கிடைக்கும் ஏ.ஐ. அண்ட் டேட்டா சயின்ஸைவிட அவருக்கு நல்லது. இதைச் சொன்னால் வீட்டில் ஏற்றுக்கொள்வது கஷ்டம்தான். 'ஏ.ஐ.' என்ற இரண்டு எழுத்துக்கு இப்போது அவ்வளவு மரியாதை.

கிளைகளுக்கு நடுவே உள்ள சுவர் நினைக்கிற அளவுக்கு உயரமும் இல்லை. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடவிதியில் முதல் செமஸ்டர் பெரும்பாலும் எல்லாருக்கும் ஒன்றாகத்தான் இருந்தது. கணிதம், இயற்பியல், வேதியியல், ஆங்கிலம், தமிழர் மரபு, கூடவே பைத்தான் புரோகிராமிங். மெக்கானிக்கல் படித்தவரும் பைத்தானில்தான் தொடங்கினார். அதே விதியின்படி, கூடுதலாக 18 கிரெடிட் படித்தால் வேறு துறையில் 'மைனர்' என்று பட்டத்தில் சேர்த்துக்கொள்ளவும் வழி இருந்தது. சென்னை ஐ.ஐ.டி. 2020-ல் தொடங்கிய டேட்டா சயின்ஸ் ஆன்லைன் பட்டப்படிப்புக்கு ஜே.இ.இ. தேவையில்லை. நடுவில் டிப்ளமோவோடு நிறுத்திக்கொள்ளவும் இடம் உண்டு. ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்க யு.ஜி.சி. 2022-ல் அனுமதி கொடுத்துவிட்டது. காலையில் பி.எஸ்சி. இயற்பியல், இரவில் ஆன்லைனில் டேட்டா சயின்ஸ் என்று படிப்பவர்கள் இப்போது அதிசயம் இல்லை.

இதில் மகள்கள் விஷயம் தனி. பல வீடுகளில் கிளை, கல்லூரி இரண்டையும் விட 'பஸ் எத்தனை மணிக்கு வீடு வரும்' என்பதே முடிவு செய்கிறது. மெக்கானிக்கலும் சிவிலும் 'பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கு' என்ற ஒரே வரியில் பட்டியலிலிருந்து போய்விடுகின்றன. முடிவெடுக்காத மகனுக்குக் கிடைக்கும் அதே அளவு தெரிவுகள், முடிவெடுக்காத மகளுக்கும் கிடைக்க வேண்டும் என்று சொல்ல அந்த வீட்டில் வேலைக்குப் போகும் ஒரு அக்கா இருந்தால் நல்லது.

பட்டத்தின் பெயர் நீளமாக இருந்தால்

பி.காம். என்று ஒன்று இருந்தது. இப்போது அடைப்புக்குறிக்குள் சி.ஏ., பி.ஏ., ஏ அண்ட் எஃப், வங்கி மேலாண்மை என்று வகை வகையாக வருகின்றன. பி.காம். சி.ஏ. என்றால் கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ். ஆடிட்டர் ஆகும் சி.ஏ. இல்லை. இதைச் சேர்ந்த பிறகு தெரிந்துகொள்ளும் குடும்பங்கள் இன்றும் உண்டு. இன்ஜினீயரிங்கிலும் சி.எஸ்.இ.க்குப் பின்னால் சைபர் செக்யூரிட்டி, ஐ.ஓ.டி. என்று ஒட்டுப் பெயர்கள்.

முடிவெடுக்காதவருக்கு நீளமான பெயர் நல்லதல்ல. குறுகிய பெயருள்ள பட்டம், ஒரு விருப்பத்தை முன்கூட்டியே அறிவித்துவிடுகிறது. விருப்பமே இல்லாதவருக்கு அந்த அறிவிப்பு எதற்கு? பாடங்களோ பெரும்பாலும் பொதுவானவை. சைபர் செக்யூரிட்டி பிடித்தால் அதை விருப்பப் பாடமாக மூன்றாம் வருடத்தில் எடுக்கலாம்.

அரசு வேலைக்கு இது இன்னும் முக்கியம். ஒரு பட்டம் வேறொரு பட்டத்துக்கு இணையானதா, இல்லையா என்று உயர்கல்வித் துறை அவ்வப்போது அரசாணை வெளியிடுகிறது. ஆசிரியர் பணி போன்றவற்றில் இளநிலையில் படித்த பாடம் எது என்பதைப் பார்ப்பார்கள். புதிய பெயருள்ள பட்டத்தை வாங்கிக்கொண்டு, 'இது இணையானதுதான்' என்று நிரூபிக்க அலைகிற நிலை பிள்ளைக்கு வேண்டாம். இயற்பியல், கணிதம், புள்ளியியல், பொருளாதாரம், வணிகவியல் என்ற பழைய பெயர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை.

தெரியாத ஒன்றுக்கு எவ்வளவு கட்டுவது?

ஒரு பொருள் வேண்டுமா வேண்டாமா என்று சந்தேகம் இருந்தால் யாரும் அதிக விலை கொடுத்து வாங்குவதில்லை. படிப்பில் மட்டும் இது தலைகீழாக நடக்கிறது. பிள்ளைக்குத் தெளிவு இல்லை என்றதும் பெற்றோர் பதறிப்போய், 'நல்ல இடத்தில் போட்டால் சரியாகிவிடுவான்' என்று பெரிய தொகைக்குப் போகிறார்கள்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 8 லட்சம் ரூபாய் கல்விக் கடன், 10 சதவீத வட்டி, 10 வருடம் என்றால் மாதத் தவணை சுமார் 10,570 ரூபாய். படிக்கும் காலத்தில் ஏறும் வட்டியை இதில் சேர்க்கவே இல்லை. ஐ.டி. சேவை நிறுவனங்களில் புதிதாகச் சேருபவருக்குப் பரவலாகக் கிடைக்கும் சம்பளம் வருடத்துக்கு மூன்றரை லட்சத்தை ஒட்டி இருக்கிறது. மாதச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தவணைக்கே போய்விடும். அறை வாடகை, சாப்பாடு, ஊருக்கு அனுப்புவது போக மிச்சம் என்ன?

இங்கேதான் கடனின் இன்னொரு முகம் தெரியும். 22 வயதில், 'இது எனக்கு ஒத்துவரவில்லை, வேறு படிக்கிறேன்' என்று சொல்லும் உரிமையைத் தவணை பறித்துக்கொள்கிறது. முடிவெடுக்காதவருக்கு மிகவும் தேவைப்படும் உரிமையே அதுதான். அடமானம் இல்லாமல் 7.5 லட்சம் ரூபாய் வரை கடன் கிடைக்கிறது, படிப்பு முடிந்து ஒரு வருடம் கழித்துக் கட்டினால் போதும் என்பதெல்லாம் உதவிதான். கிடைக்கிறது என்பதற்காக வாங்க வேண்டியதில்லை.

எனவே தெளிவு இல்லாத வீட்டில் மேனேஜ்மென்ட் கோட்டா பேச்சையே எடுக்காமல் இருப்பது நல்லது. கலந்தாய்வு இடம், அரசுக் கலைக் கல்லூரி, ஊருக்குப் பக்கத்திலுள்ள அரசு உதவிபெறும் கல்லூரி ஆகியவற்றை முதலில் பார்க்கலாம். அரசுக் கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் என்றால் சொந்தக்காரர்கள் உதட்டைப் பிதுக்குவார்கள். அங்கிருந்து எம்.சி.ஏ., எம்.எஸ்சி. டேட்டா சயின்ஸ், பி.எட்., வங்கித் தேர்வு, சி.ஏ. என்று ஐந்து பக்கமும் வழி இருக்கிறது. கட்டணமோ, தனியார் கல்லூரியின் ஒரு செமஸ்டர் பஸ் கட்டணத்துக்குக்கூட வராது. அரசுப் பள்ளியில் படித்தவர் என்றால் புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாயும் கிடைக்கும். இன்ஜினீயரிங்கில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. அதில் சேர்பவர்களின் கட்டணத்தை அரசே ஏற்கிறது.

ஒரு வருடம் சும்மா இருந்து யோசிக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். நீட்டுக்காக ஒரு வருடம், இரண்டு வருடம் ஒதுக்கும் சமூகம், யோசிப்பதற்காக ஆறு மாதம் ஒதுக்கினால் பதறுகிறது. வேடிக்கைதான். ஆனாலும் வீட்டில் உட்கார்ந்து யோசித்துத் தெளிவு வருவது குறைவு. செலவு குறைந்த ஒரு படிப்பில் சேர்ந்து, உள்ளே போய்ப் பார்த்துத் தெளிவது சுலபம்.

மூன்றாவது செமஸ்டரைப் படித்துப் பார்ப்பது

கல்லூரி பிராஸ்பெக்டஸில் எல்லாக் கிளையும் அழகாகத்தான் இருக்கும். சிரித்த முகம், ஹெல்மெட், ரோபோ. உண்மை முகம் மூன்றாவது செமஸ்டரில் தெரியும். பொதுப் பாடங்கள் குறைந்து கிளைக்கே உரிய பாடங்கள் வரும் இடம் அது. அரியர் குவியத் தொடங்குவதும் பல பேருக்கு அங்கேதான்.

அண்ணா பல்கலையின் பாடத்திட்டம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. சி.எஸ்.இ. மூன்றாவது செமஸ்டரில் டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ், டிஸ்கிரீட் மேத்ஸ். இ.சி.இ.யில் சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ். மெக்கானிக்கலில் தெர்மோடைனமிக்ஸ். சிவிலில் சர்வேயிங். ஒவ்வொன்றுக்கும் ஐ.ஐ.டி. பேராசிரியர்கள் நடத்திய என்.பி.டி.இ.எல். வகுப்புகள் யூடியூபில் இருக்கின்றன. ஒரு கிளைக்கு ஒரு பாடம், ஒரு பாடத்துக்கு முதல் இரண்டு வகுப்பு. நான்கு கிளைக்கு எட்டு மணி நேரம்கூட ஆகாது. முழுதாகப் புரிய வேண்டும் என்பதில்லை. எந்த வகுப்பில் போனை எடுக்கத் தோன்றியது, எதில் 'அப்புறம் என்ன' என்று தோன்றியது என்று கவனித்தால் போதும். ரீல்ஸில் பார்க்கும் 'டாப் 5 கோர்ஸ்' வீடியோக்களைவிட இது பல மடங்கு பயன்.

இங்கே தேட வேண்டியது காதல் இல்லை. சகிப்புத்தன்மை. எந்தப் பாடத்தின் மோசமான நாளையும் தாங்கிக்கொள்ள முடியும் என்பதுதான் கேள்வி. பெரிய எண்ணிக்கையில் ஆள் எடுக்கும் நிறுவனங்கள் 60 சதவீதம் வேண்டும், நிலுவை அரியர் கூடாது என்றுதான் முதலில் வடிகட்டுகின்றன. சுமாரான கிளையில் அரியர் இல்லாமல் முடித்தவர் அந்த அறைக்குள்ளாவது உட்காருகிறார். 'டாப்' கிளையில் ஆறு அரியர் வைத்தவர் வாசலிலேயே நின்றுவிடுகிறார்.

விருப்பப் பட்டியலில் நடக்கும் தவறு

இவ்வளவும் யோசித்த பிறகும், டி.என்.இ.ஏ. கலந்தாய்வில் சாய்ஸ் ஃபில்லிங் செய்யும்போது பலர் கோட்டை விடுகிறார்கள். 'கிடைக்காததை முதலில் போட்டா ரேங்க் வேஸ்ட் ஆயிடும்' என்ற பயம் பரவலாக இருக்கிறது. அப்படி எதுவும் ஆகாது. மாணவரின் முறை வரும்போது கணினி பட்டியலை மேலிருந்து கீழே பார்க்கிறது. அவருடைய தரவரிசைக்கும் இட ஒதுக்கீட்டுப் பிரிவுக்கும் காலி இருக்கும் முதல் இடத்தைக் கொடுக்கிறது. மேலே போட்டது கிடைக்கவில்லை என்றால் அடுத்ததைப் பார்க்கும், அவ்வளவுதான். கிடைக்கக்கூடியதை முதல் வரியிலும் பிடித்ததை பத்தாவது வரியிலும் போட்டால்தான் இழப்பு. முதல் வரி கிடைத்துவிட்டால் பத்தாவது வரியைக் கணினி எட்டிக்கூடப் பார்க்காது.

எத்தனை விருப்பங்கள் வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்பதால் பட்டியலைச் சுருக்கத் தேவையில்லை. அதே சமயம், போகவே மாட்டேன் என்கிற கல்லூரியைக் கடைசியில் சும்மா சேர்த்து வைப்பதும் ஆபத்து. அதுவே ஒதுக்கப்படலாம். தற்காலிக ஒதுக்கீடு வந்த பிறகு, ஏற்றுக்கொண்டு சேர்வது, ஏற்றுக்கொண்டு மேலே உள்ள விருப்பத்துக்குக் காத்திருப்பது, மறுத்துவிட்டு அடுத்த சுற்றுக்குப் போவது என்று வழிகள் உண்டு. பதில் சொல்லக் கொடுக்கப்படும் அவகாசம் சில நாட்கள்தான். அந்த நாட்களில் குலதெய்வக் கோயிலுக்குப் போய் நெட்வொர்க் இல்லாமல் இருந்தால், இடம் கைவிட்டுப் போகலாம்.

பட்டியலை லாக் செய்யும் முன் கல்லூரியின் பெயரைவிட அதன் கலந்தாய்வுக் குறியீட்டு எண்ணைச் சரிபார்ப்பது முக்கியம். ஏறக்குறைய ஒரே பெயரில், வேறு வேறு மாவட்டங்களில் கல்லூரிகள் இருக்கின்றன. கிளையின் குறியீட்டையும் அப்படியே பார்க்க வேண்டும். ஒரே கல்லூரியில் கம்ப்யூட்டர் என்று தொடங்கும் கிளைகள் நான்கைந்து இருக்கும்.